வால் கழற்றிய மிக்-21: ஒரு பராமரிப்புக் காட்சியைக் கையாலேயே கட்டுவது பற்றி

நண்பரின் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். 1:48 அளவில் (உண்மையில் 48-இல் ஒரு பங்கு) ஐந்தாறு விமானக் கிட்களை, அதாவது பாகங்களாக வரும் மாதிரிகளை, கட்டி முடித்திருக்கும் அவர், அடுத்ததாக ஹேங்கருக்குள் வால்பகுதி கழற்றப்பட்டு, என்ஜின் வெளியே தெரிய நிற்கும் இந்திய விமானப்படையின் மிக்-21பிஸ் (சோவியத் போர் விமானமான மிக்-21இன் ஒரு ரகம்) ஒன்றை, ட்ராலிகள், ஏணிகள், வேலை செய்யும் ஆட்கள் எல்லாவற்றோடும் ஒரு டையோரமாவாக, அதாவது சுற்றுப்புறத்தோடு கூடிய சிறு காட்சி மாதிரியாக, செய்ய விரும்புகிறார். வெளிநாட்டு ரெசின் செட்களை (ஆயத்தமாக வார்த்து விற்கும் பாகங்களை) வாங்காமல் இயன்றவரை கையாலேயே செய்ய வேண்டும் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு நுணுக்கம் போதும், உள்ளூரில் கிடைக்கும் பொருட்களை வைத்தே முடியுமா என்பன அவருடைய மூன்று கேள்விகள். மேலோட்டமாகப் பார்த்தால் இவை பொருட்களைப் பற்றிய கேள்விகள். ஆனால் ஓர் இயந்திரத்தைத் திறந்து காட்டும்போது உள்ளே எது எந்த நிலையில் இருந்தால் அது உண்மையாக இருக்கும் என்ற தயக்கம்தான் அவற்றின் அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்; பசையும் பிளாஸ்டிக்கும் பின்னால் வரட்டும்.

நான் தாம்பரத்தில் பயிற்சி பெற்று, விமானப்படையில் 20 ஆண்டுகள் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவன். அதில் பெரும்பகுதி மிக்-21களோடு கழிந்தது. ஓய்வுக்குப் பிறகு மாதிரி கட்டுவதில் இறங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. என் வேலை உடற்பகுதியும் கட்டுப்பாட்டு அமைப்புகளும்தான். என்ஜின் பிரிவுக்காரர்கள் எங்களுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்தார்கள், ஆனால் அவர்களுடைய கைப்பழக்கம் எனக்கு இல்லை. எனவே உடற்பகுதி, இணைப்பு, ஹேங்கர் ஒழுங்கு ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். என்ஜினின் மேல் ஓடும் ஒவ்வொரு குழாயின் வழித்தடத்துக்கும் என் சொல்லை நம்பாமல் படங்களையே நம்புங்கள்.

பராமரிப்புக் காட்சி என்பது வேலையின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் உறைந்து நிற்கும் கணம். கண்காட்சிகளில் நான் பார்த்த இத்தகைய டையோரமாக்களில் பலவற்றில் உழைப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் அவற்றில் எல்லா மூடிகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும், என்ஜின் பாதி வெளியே இருக்கும், அதே நேரத்தில் தரைமின்சார வண்டியின் கேபிள் விமானத்தில் செருகப்பட்டிருக்கும், இறக்கையின் கீழ் ஏவுகணையும் தொங்கும். இப்படி ஒரு நிலை எந்த ஹேங்கரிலும் வராது. ஒரு வேலை முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். முந்தைய வேலை விட்டுச்சென்ற தடயங்கள் அப்படியே இருக்கும். பிந்தைய வேலைக்கு உரிய எதுவும் இன்னும் தொடப்பட்டிருக்காது. ஆகவே கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தாளில், நீங்கள் காட்டப்போவது எத்தனையாவது படி, அதற்கு முன் என்னென்ன முடிந்துவிட்டன, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை எழுதி முடித்தால் டையோரமாவின் பாதி வேலை முடிந்தது என்பேன்.

மிக்-21 இதற்கு மிகவும் பொருத்தமான விமானம். அதன் உடற்பகுதி ஒரு நீண்ட குழாய். மூக்கில் நுழையும் காற்று காக்பிட்டின் இரு பக்கமும் பிரிந்து ஓடி, மீண்டும் ஒன்றுசேர்ந்து என்ஜினை அடைகிறது. என்ஜினை மேலே தூக்கியோ கீழே இறக்கியோ எடுக்க வழியில்லை. அதனால் இறக்கையின் பின்விளிம்பை ஒட்டிய ஓர் இணைப்பில் உடற்பகுதியை இரண்டாகப் பிரித்து, வால்பகுதி முழுவதையும் பின்னுக்கு இழுத்துவிடுகிறார்கள். செங்குத்து வால், கிடைமட்ட வால்கள், அடித்துடுப்பு எல்லாம் அந்தப் பகுதியோடு சேர்ந்தே போய்விடும். ஆஃப்டர்பர்னரோடு (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பின்பகுதியோடு) கூடிய என்ஜின் முன்பகுதியிலேயே பிடிமானத்தோடு நீட்டிக்கொண்டு நிற்கும். கொரியப் போர்க்காலத்து மிக்-15, அமெரிக்காவின் சேபர் போர் விமானம் ஆகியவற்றிலும் இதே முறைதான். பெரிய கிரேன் இல்லாத முன்னணித் தளத்திலும் என்ஜினை மாற்றலாம் என்பது இதன் பெரும் பயன்.

இந்த வேலையில் காட்டத்தக்க கணங்கள் மூன்று. இணைப்பின் போல்ட்டுகள் கழன்று, வால் ஒரு சாண் அளவு மட்டும் நகர்ந்திருக்கும் கணம் முதலாவது. அதில் பதற்றம் இருக்கும், ஆனால் என்ஜின் கண்ணுக்குத் தெரியாது. வால் முழுவதும் விலகி, என்ஜின் வெட்டவெளியில் நிற்பது இரண்டாவது. என்ஜின் ட்ராலிக்குப் போய், உடற்பகுதி வெறும் குகையாகத் தெரிவது மூன்றாவது. முதல் முயற்சிக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவதில் குகையின் உட்சுவர் முழுவதையும் செய்தாக வேண்டும். வெளியே வந்த என்ஜினையும் எல்லாப் பக்கமும் முழுமையாகச் செய்ய வேண்டும். இரண்டாவதில் என்ஜினின் முன்பாதி உடற்பகுதிக்குள் மறைந்திருக்கும் என்பதால் வேலை கணிசமாகக் குறையும், காட்சியின் வலிமை குறையாது.

இரண்டாவது கணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பல முடிவுகள் தாமாகவே வந்துசேரும். ஆயுதங்கள் இறக்கப்பட்டிருக்கும், எரிபொருள் வெளியேற்றப்பட்டிருக்கும், எனவே இறக்கையின் கீழ் வெறும் பைலான்கள் (ஆயுதங்களை மாட்டும் தாங்கிகள்) தான். மின்இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும், எனவே தரைமின்சார வண்டிக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் விமானத்தைத் தரையோடு இணைக்கும் எர்த்திங் கம்பி கண்டிப்பாக இருக்கும். மூக்கின் காற்றுவாய்க்கு மூடி போடப்பட்டிருக்கும். வெளியேற்று இருக்கையின் பாதுகாப்பு ஊசிகள் சிவப்புக் கொடிகளோடு செருகப்பட்டிருக்கும். முதுகு மேட்டுக்குள் ஓடும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் இணைப்பில் பிரிக்கப்பட்டிருக்கும் என்பதால் அங்குள்ள மூடிகள் திறந்திருக்கும். மூக்கிலுள்ள ரேடார் பக்கத்து மூடிகளைத் திறக்க அன்றைக்கு யாருக்கும் காரணமில்லை. இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: கழற்றப்பட்ட எந்தக் குழாயின் வாயும் திறந்திருக்காது. ஹைட்ராலிக் குழாயோ எரிபொருள் குழாயோ, பிரித்த அடுத்த நிமிடமே அதன் முனையில் மூடி போடுவது எங்களுக்கு முதல் வாரத்திலேயே கைவந்துவிட வேண்டிய பழக்கம். தூசு ஒரு துகள் உள்ளே போனாலும் பம்பும் வால்வும் கெட்டுவிடும். உங்கள் மாதிரியில் அறுந்துதொங்கும் குழாய்முனைகள் ஒவ்வொன்றிலும் ஊசிமுனை அளவு சிவப்பு அல்லது மஞ்சள் புள்ளி ஒன்று இருந்தால், விமானப்படையில் வேலை பார்த்த எவரும் அதன் முன் நின்றுவிடுவார்.

இனி ஆதாரங்கள். மிக்-21 இந்தியாவில் 1963-இல் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. 60 ஆண்டுகளுக்கும் மேல் பறந்த விமானம் என்பதால் படங்களுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரில் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும், டெல்லியில் பாலம் என்ற இடத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்திலும் நேரில் பார்க்கலாம். போலந்தின் கிராகோவ் அருங்காட்சியகத்தில் வரிசையாகவே நிற்கின்றன. ஆனால் எந்த ஆதாரம் எதற்கு நம்பகமானது என்பதில் கவனம் வேண்டும். காட்சிக்கு நிற்கும் விமானத்தின் வடிவமும் அளவும் உறுதியானவை. அதன் வண்ணமோ பலமுறை மேல்பூச்சு கண்டது, சிறு பாகங்கள் பல காணாமல் போயிருக்கும், திறந்திருக்கும் மூடிகள் பார்வையாளர் வசதிக்காகத் திறக்கப்பட்டவையாக இருக்கலாம். வேறு நாட்டு விமானப்படைகளின் பராமரிப்புப் படங்களில் என்ஜினையும் இணைப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஏணி, ட்ராலி, உடை ஆகியவை நாட்டுக்கு நாடு மாறும். மேலும் மிக்-21 என்பது ஒரே விமானம் அல்ல. இங்கே டைப் 77 என்று அழைக்கப்பட்ட எஃப்.எல். ரகத்துக்கு ஆர்-11 குடும்பத்து என்ஜின், பிஸ் ரகத்துக்கு ஆர்-25. நீங்கள் பிஸ் என்று முடிவுசெய்திருப்பதால் எஃப்.எல். படங்களைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவையுங்கள்; இரண்டும் கலந்துபோவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

வரைபடங்களை அப்படியே நம்பாதீர்கள். இறக்கையின் முழு அகலம் 7.15 மீட்டர், 1:48-இல் அது 149 மில்லிமீட்டர். கையிலிருக்கும் வரைபடத்தை அச்சிட்டு முதலில் இந்த ஓர் அளவைச் சரிபாருங்கள். பொருந்தாவிட்டால் அச்சு அளவை மாற்றுங்கள். ஒளிப்படங்களிலிருந்து அளவெடுக்க ஓர் எளிய வழி உண்டு. பிஸ் ரகத்தின் முதன்மைச் சக்கரம் 800 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, மூக்குச் சக்கரம் 500. ஏறத்தாழ நேர்பக்கமாக எடுக்கப்பட்ட படத்தில் சக்கரம் தெரிந்தால், அதன் விட்டத்தை அளவுகோலாக வைத்து, அதே தூரத்தில் இருக்கும் எந்தப் பாகத்தையும் கணக்கிட்டுவிடலாம். கேமராவுக்கு அருகில் அல்லது தொலைவில் இருக்கும் பாகத்துக்கு இந்தக் கணக்கு பிழையாகும். ட்ராலியின் உயரத்தை இப்படிக் கணக்கிட்டு ஒருமுறை ஐந்து மில்லிமீட்டர் தவறியிருக்கிறேன்.

எவ்வளவு நுணுக்கம் போதும் என்ற கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்ல முடியும். சாதாரணக் கண்ணால் 30 சென்டிமீட்டர் தொலைவில் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய அளவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். 1:48-இல் அது உண்மை விமானத்தின் ஐந்து மில்லிமீட்டர். எனவே ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான எதையும் நீங்கள் வடிவமாகச் செய்யத் தேவையில்லை. போல்ட்டுகள் சுழலாமல் கட்டும் லாக்கிங் கம்பி 0.8 மில்லிமீட்டர், அதை அளவாகச் செய்தால் 0.017 மில்லிமீட்டர், தலைமயிரைவிட மெல்லியது. அதைச் செய்தால் தடிமன் கூடிப்போய்க் கயிறு கட்டியது போல் தெரியும். விட்டுவிடுவதே உண்மைக்கு நெருக்கம். இணைப்பில் இருக்கும் 19 மில்லிமீட்டர் போல்ட்தலை 0.4 மில்லிமீட்டராக வரும். அதற்கு ஆறு முகம் தேவையில்லை, வட்டப் புள்ளி போதும். 12 மில்லிமீட்டர் குழாய் 0.25 ஆகும், அது கண்ணுக்குத் தெரியும், செய்ய வேண்டும். இந்தக் கணக்கை மேசையில் ஒட்டிவைத்துக்கொண்டால் மாதக்கணக்கான வீண்வேலை தவிரும்.

வெளித்தோலையும் கையாலேயே செய்ய வேண்டுமா என்பதில் என் கருத்து வெளிப்படையானது: வேண்டாம். செக் நாட்டு எடுவார்ட் நிறுவனம் 2011 முதல் 1:48-இல் வெளியிட்டுவரும் மிக்-21 வரிசையில் பிஸ் ரகமும் உண்டு. அதன் வடிவம் நம்பத்தக்கது. வெளித்தோலுக்கு அதை எடுத்துக்கொண்டு, உள்ளே தெரியும் அனைத்தையும் கையால் செய்தால் உங்கள் உழைப்பு பார்வை விழும் இடத்துக்குப் போகும். எல்லாவற்றையும் கையால் செய்தே தீருவது என்றால், மரத்தில் அச்சு செதுக்கி, சூடாக்கிய ஸ்டைரீன் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) தாளை வேக்யூம் கிளீனர் உறிஞ்சலால் அதன்மேல் படியவைக்கும் முறை இருக்கிறது. நான் இரண்டு முறை செய்திருக்கிறேன், இரண்டாவது முறைதான் ஓரளவுக்குச் சரியாக வந்தது.

கிட்டை வெட்டும்போது மூன்று விஷயங்கள். இணைப்புக் கோட்டின் மேல் தடித்த டேப்பைச் சுற்றி ஒட்டி, அதன் விளிம்பை வழிகாட்டியாக வைத்து, மெல்லிய ரம்பத்தால் சிறிது சிறிதாகச் சுற்றிக்கொண்டே வெட்டுங்கள். ஒரே பக்கத்தில் அழுத்தினால் கோணல் விழும். ரம்பம் தின்னும் கால் மில்லிமீட்டரைப் பிறகு வளையத்தால் ஈடுசெய்ய வேண்டும். மூன்றாவதுதான் மிக முக்கியம்: கிட் பிளாஸ்டிக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். 1.2 மில்லிமீட்டர் என்று வைத்தால், உண்மை அளவில் அது 58 மில்லிமீட்டர்; கோட்டைச் சுவர்! விமானத்தின் தோலோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தகடு. வெட்டிய விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு உட்பக்கத்தைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பு 0.3 மில்லிமீட்டருக்கு வரும்வரை மெல்லியதாக்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் ஒளி கசியத் தொடங்கும், அங்கே நிறுத்திவிடலாம். திறந்த மூடிகளைக் கிட்டிலிருந்து வெட்டி எடுக்க முயலாமல், குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகட்டில் புதிதாகச் செய்யுங்கள். அது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், ஒரு குழாயின் மேல் உருட்டினால் உடற்பகுதியின் வளைவுக்கு ஏற்பத் தானே வளைந்துகொள்ளும்.

இணைப்பு வளையம்தான் இந்த டையோரமாவின் முகம். பார்வையாளரின் கண் முதலில் அங்கேதான் போகும். 0.5 மில்லிமீட்டர் ஸ்டைரீன் தாளில் வெளிவட்டத்தையும் உள்வட்டத்தையும் காம்பஸ் கத்தியால் வெட்டுங்கள். உள்வட்டத்தை முதலில், வெளிவட்டத்தைப் பிறகு. உடற்பகுதியின் குறுக்குவெட்டு முதுகு மேட்டினால் சரியான வட்டமாக இருக்காது என்பதால், வெட்டிய கிட்டின் விளிம்பைத் தாளின் மேல் வைத்துக் கூரிய பென்சிலால் வரைந்து, மேற்பகுதியை அதற்கேற்ப நீட்டிக்கொள்ளுங்கள். துளைகளைச் சம இடைவெளியில் போடுவதற்கு ஒரு பழைய வழி: வளையத்தின் சுற்றளவுக்குச் சரியாக ஒரு காகிதப் பட்டையை வெட்டி, அதை நேராக விரித்து அளவுகோலால் சம பாகங்களாகப் பிரித்துக் குறியிட்டு, மீண்டும் வளையத்தைச் சுற்றி ஒட்டினால் குறிகள் தாமாகவே சமமாக விழும். முன்பகுதிக்கும் வால்பகுதிக்கும் ஒரே அடுக்கில் வைத்து இரண்டு வளையங்களையும் சேர்த்தே துளையிடுங்கள். தனித்தனியே துளையிட்ட இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது என்பது எவருக்கும் உடனே தெரிந்துவிடும். எதிரெதிரே பார்த்து நிற்கும் இரண்டு வாய்கள் அவை.

என்ஜின் ஏறத்தாழ 4.6 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் விட்டம். 1:48-இல் 96 மில்லிமீட்டர், 19 மில்லிமீட்டர். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் சிறிய பி.வி.சி. குழாய் ஏறத்தாழ இந்த விட்டத்தில் கிடைக்கிறது. வெர்னியர் அளவியைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். அதை உட்கருவாக வைத்து, மேலே 0.25 மில்லிமீட்டர் ஸ்டைரீன் தாளைச் சுற்றி, பிரிவு வளையங்களை மெல்லிய பட்டைகளாகச் சேர்க்கலாம். ஸ்டைரீனுக்கான கரைப்பான் பசை பி.வி.சி.யை நம்பிக்கையாகப் பிடிக்காது. எபாக்சி அல்லது உடனொட்டுப் பசை வேண்டும். விட்டம் கூடிக் குறையும் இடங்களை எம்-சீலால் நிரப்பி, அது இறுகியபின் துளைபோடும் இயந்திரத்தில் குழாயை மாட்டிச் சுழலவிட்டு உப்புத்தாளைப் பிடித்தால் கடைந்தது போல் உருண்டு வரும். இந்த வேலையில் முகமூடி அணியாமல் இருக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

குழாய்களுக்கு மருந்துக்கடை ஊசிகள் அருமையான பொருள், ஏனென்றால் அவற்றின் வெளிவிட்டம் எண்ணால் உறுதி செய்யப்பட்டது: 18 எண் ஊசி 1.27 மில்லிமீட்டர், 21 எண் 0.82, 23 எண் 0.64, 26 எண் 0.46. நேரான கடினக் குழாய்களுக்கும் தண்டுகளின் முனைகளுக்கும் இவற்றைப் பயன்படுத்துங்கள். வளைந்து ஓடும் குழாய்களுக்குப் பல இழை மின்கம்பியின் செப்பு இழைகளை அடுப்பு நெருப்பில் ஒரு கணம் காட்டி ஆறவிட்டால், முறுக்கு போய் விரல் சொன்னபடி நிற்கும். பலரும் ஈயக்கம்பியைப் பரிந்துரைப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அதையே பயன்படுத்தினேன். ஒரு டையோரமாவை மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்ட பெட்டியில் அடைத்து வைத்திருந்தேன். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஈயக்கம்பி இருந்த இடங்களில் எல்லாம் வெள்ளைப் பொடி பூத்து, வண்ணத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது. சில மரங்களும் மரப்பசைகளும் வெளியிடும் அசிட்டிக் அமில ஆவி, மூடிய இடத்தில் ஈயத்தை இப்படி அரித்துவிடும். கப்பல் மாதிரிகள் செய்பவர்களுக்கு இது பழைய துயரம், எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த என்ஜினைக் காப்பாற்ற முடியவில்லை. அதன்பின் செம்பு அல்லது வெள்ளீயம் மிகுந்த சால்டரிங் கம்பி மட்டுமே.

குழாய்களை எந்த வரிசையில் வைப்பது என்பதும் கவனிக்கத்தக்கது. உடலோடு ஒட்டிப் படிந்து ஓடுபவை முதலில், அவற்றைக் கடந்து மேலே ஓடுபவை பிறகு. குழாய் எங்கும் அந்தரத்தில் தொங்காது; குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பிடிப்பான் இருக்கும். டப்பாத் தகட்டிலிருந்து அரை மில்லிமீட்டர் பட்டை வெட்டிச் சுற்றினால் பிடிப்பான் ஆகிவிடும். குழாயின் பாதை சற்றுப் பிழையாக இருந்தாலும் பிடிப்பான்கள் இருந்தால் அது பொறியாளர் அமைத்தது போலத் தெரியும். பாதை சரியாக இருந்து பிடிப்பான் இல்லாவிட்டால் நூடுல்ஸ் போலத் தெரியும். உடனொட்டுப் பசையை மழைக்காலத்தில் பயன்படுத்தும்போது ஈரக்காற்றினால் சுற்றிலும் வெண்படலம் படியும். காக்பிட் கண்ணாடியை ஒட்ட அதைத் தொடவே கூடாது, வெள்ளைப் பசை போதும்.

வண்ணத்தில் பெரும்பாலோர் தவறுவது ஆஃப்டர்பர்னர் பகுதியில்தான். எல்லாவற்றுக்கும் கருப்புப் பொடி தேய்த்து விடுகிறார்கள். புகைக்கரி உட்புறத்தில் படிவது. வெளியே தெரியும் உலோகம் வெப்பத்தால் நிறம் மாறியிருக்கும். எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம் என்ற வரிசையில் நிறம் எழும். இந்த வரிசை இயற்பியலால் உறுதியானது, மாற்றக் கூடாது. வெப்பம் மிகுந்த இடத்தில் நீலமும், அதிலிருந்து விலகும்போது ஊதா, பழுப்பு, மஞ்சள் என இறங்கு வரிசையும் வர வேண்டும். பளபளப்பான கருப்பின் மேல் உலோக வண்ணம் பூசி, அதன்மேல் மிகவும் நீர்த்த நிறங்களைப் படலம் படலமாக ஏற்றுங்கள். பற்றவைப்பு மடிப்புகளின் இரு பக்கமும் மெல்லிய கோடாகக் காட்டினால் போதும். காக்பிட் உட்புறத்தின் நீலப்பச்சையும் சக்கரக் குடங்களின் பச்சையும் சோவியத் விமானங்களுக்கே உரியவை. அவற்றில் தயங்க வேண்டியதில்லை. வெளிவண்ணம் மட்டும் காலத்துக்குக் காலம், விமானத்துக்கு விமானம் மாறுவதால், ஒரு குறிப்பிட்ட விமானத்தின் ஒரு குறிப்பிட்ட ஆண்டுப் படத்தை வைத்துக்கொண்டு அதை மட்டும் பின்பற்றுங்கள்.

அடித்தளத்தின் அளவை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்க உதவும் பிடோட் குழாய் நீங்கலாக விமானம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரும். வால்பகுதி, நீட்டிக்கொண்டிருக்கும் என்ஜினின் முனையைத் தாண்டும்வரை நேர்கோட்டில்தான் பின்னுக்கு வர முடியும். உள்ளே இடைவெளி அவ்வளவு குறைவு. எனவே மேலும் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் தேவை. ஆட்கள் நடமாட இடம் விட்டால் 50-க்கு 35 சென்டிமீட்டர் பலகை சரியாக இருக்கும். வால் தாங்கும் ட்ராலியும் விமானத்தின் மைய அச்சும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சற்றுக் கோணலாக வைத்தால் அழகாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் அப்படி இழுத்திருந்தால் வால் என்ஜினில் உரசியிருக்கும். ட்ராலியை ஸ்டைரீன் கோணப்பட்டைகளால் செய்துவிடலாம். அதன் தாங்கிகளில் வால்பகுதி நேரடியாக உலோகத்தில் படாமல், மெத்தை அல்லது கான்வாஸ் சுற்றியிருக்கும். பயன்படுத்திய தேயிலைப் பையின் காகிதம் அதற்கு மிகப் பொருத்தம். கழற்றிய மூடிகளைத் தரையில் சிதறவிடாதீர்கள். அவை வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். போல்ட்டுகள் அட்டை கட்டிய துணிப்பைகளில் இருக்கும். கருவிகளுக்கு ஒவ்வொன்றின் உருவமும் வரைந்த பலகை இருக்கும், வேலை முடிந்ததும் எந்த உருவம் காலியாக இருக்கிறது என்று பார்த்தாலே விடுபட்ட கருவி தெரிந்துவிடும். உங்கள் பலகையில் இரண்டு உருவங்கள் காலியாக இருந்தால், அந்த இரண்டு ஸ்பேனர்களும் காட்சியில் யாருடைய கையிலாவது இருக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் ஸ்பேனர் உங்கள் அளவில் ஐந்து மில்லிமீட்டர். டப்பாத் தகட்டில் வெட்டலாம்.

ஆட்களை நான்கு பேருக்கு மேல் வைக்காதீர்கள். சராசரி உயரமுள்ளவர் 35 மில்லிமீட்டர் வருவார். கம்பிச் சட்டத்தின் மேல் எபாக்சி களிமண்ணால் உருவாக்குவது கடினமான கலை; கிட்களில் வரும் உருவங்களை மூட்டுகளில் வெட்டி நிலையை மாற்றுவது எளிது. நிற்கும் நிலை சரியாக இருக்க வேண்டும் என்பதே பெரிது. உண்மையில் வேலை செய்பவர் விமானத்தைப் பார்த்துக்கொண்டு அழகாக நிற்பதில்லை. ஒரு கை முழங்கை வரை உள்ளே போயிருக்கும், முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும், ஏனென்றால் விரல்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இன்னொருவர் டார்ச் பிடித்திருப்பார். கைக்கடிகாரமும் மோதிரமும் யாருடைய கையிலும் இருக்காது. ஒருவர் மட்டும் சற்று விலகி, விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான எஃப்-700-ஐத் திறந்து வைத்திருப்பார். அவர் இல்லாமல் அந்த வேலை தொடங்கியே இருக்காது.

தரை அழுக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹேங்கர் தரை தினமும் கூட்டப்படும். எண்ணெய் சொட்டும் இடத்தில் தட்டு வைக்கப்படும். பழைய கறைகள் மங்கிய நிழலாக இருக்கலாம். புதிய எண்ணெய்க் குட்டையைப் பளபளவென்று ஊற்றிவைத்தால், அது கவனக்குறைவான ஒரு பிரிவைத்தான் காட்டும். நான் பார்த்த பிரிவுகள் அப்படி இருந்ததில்லை.

காலக் கணக்கு கேட்டால், மாலை நேரங்களில் மட்டும் வேலை செய்தால் எட்டு மாதம் முதல் ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டை இப்போதே வெட்டிவிடாமல், இந்த வாரம் இணைப்பு வளையத்தை மட்டும் செய்து பாருங்கள். இரண்டு வளையங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து விளக்குக்கு நேரே பிடித்தால், எல்லாத் துளைகளிலும் வெளிச்சம் வர வேண்டும். ஏதாவது ஒன்றில் மறைந்தால் அவற்றை ஒதுக்கிவிட்டு அடுத்த ஜோடியை வெட்டுங்கள். எனக்கு மூன்றாவது ஜோடியில்தான் எல்லாத் துளைகளிலும் வெளிச்சம் வந்தது.